சல்போனேற்றம் ஏன் திரும்பி நடக்கிறது? வெப்பநிலையும், அதைவிட முக்கியமாக நீரும்

முதுநிலை வேதியியல் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: பென்சீனில் நைட்ரோ தொகுதியை ஏற்றினால் அது அங்கேயே நிலைத்துவிடுகிறது, சல்போனிக் தொகுதியை (SO₃H) ஏற்றினால், அதாவது சல்போனேற்றம் செய்தால் மட்டும், நீர்த்த அமிலத்தில் சூடாக்கும்போது கழன்று வந்துவிடுகிறது. இரண்டுமே எலக்ட்ரான் கவர் பதிலீட்டு வினைகள்தாமே, பிறகு ஏன் இந்த வேறுபாடு? நாப்தலீனில் 80 டிகிரியில் ஒரு மாற்றியமும் (அதே அணுக்கள், வேறு இட அமைப்பு) 160 டிகிரியில் இன்னொரு மாற்றியமும் கிடைப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? எப்படியும் கழன்றுவிடக்கூடிய ஒரு தொகுதியை வளையத்தில் ஏற்றுவதால் என்ன பயன்?

தேர்வுத்தாளில் 80, 160 என்ற இரண்டு எண்களையும் எழுதி, சமன்பாட்டில் இருபுற அம்புக்குறியைப் போட்டுவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் இந்த வினையை முன்னும் பின்னும் நகர்த்துவது வெப்பநிலை மட்டுமன்று. அமிலத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். பல நேரங்களில் அதைவிட முக்கியம். நம் பாடங்களில் வெப்பநிலைக்குக் கிடைக்கும் புகழில் பாதி நீருக்குச் சேர வேண்டியது என்பது என் கருத்து. அதனால் நீரை மையமாக வைத்தே விளக்குகிறேன்.

முதலில் வினை வழிமுறை. அடர் கந்தக அமிலத்திலும் ஓலியத்திலும் (சல்பர் டிரைஆக்சைடு கரைந்த கந்தக அமிலம்) வளையத்தைத் தாக்குவது சல்பர் டிரைஆக்சைடு, அல்லது அதைச் சுமந்து வரும் ஓர் அமில வடிவம். அது நடுநிலை மூலக்கூறு. ஆனாலும் மூன்று ஆக்சிஜன்கள் எலக்ட்ரானை இழுத்துக்கொண்டிருப்பதால் நடுவிலுள்ள கந்தக அணு எலக்ட்ரான் பற்றாக்குறையில் இருக்கிறது. அது வளையத்தின் ஒரு கார்பனோடு பிணைந்ததும் சிக்மா அணைவு என்ற இடைநிலைப் பொருள் உருவாகிறது. இந்த அணைவில் வளையத்தின்மேல் நேர்மின்சுமையும், புதிதாக வந்த கந்தகத் தொகுதியின்மேல் எதிர்மின்சுமையும் இருக்கின்றன. அதே கார்பன்மேல் ஹைட்ரஜனும் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. இப்போது அணைவுக்கு இரண்டு வழிகள் உண்டு: ஹைட்ரஜனைப் புரோட்டானாக விட்டுவிட்டுச் சல்போனிக் அமிலமாகலாம்; அல்லது சல்பர் டிரைஆக்சைடை விட்டுவிட்டுப் பழைய பென்சீனாகலாம்.

நைட்ரோ ஏற்றத்தோடு ஒப்பிட வேண்டிய இடம் இதுதான். அங்கே அணைவு பின்னோக்கிப் போக வேண்டுமென்றால் நைட்ரோனியம் அயனியை, அதாவது மிகுந்த ஆற்றலுடைய, யாரையாவது தாக்கத் துடிக்கும் ஒரு நேர்மின் அயனியை, வெளியே தள்ள வேண்டும். அது ஏற முடியாத மலை. சல்போனேற்றத்தில் வெளியேறுவதோ தனித்து நிற்கக்கூடிய ஒரு நடுநிலை மூலக்கூறு. எனவே முன்னோக்கிய ஆற்றல் தடையும் பின்னோக்கிய ஆற்றல் தடையும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருக்கின்றன. அணைவு இரு பக்கமும் சாய்கிறது. சல்போனேற்றம் மீள்வினையாக இருப்பதற்கான அடிப்படைக் காரணம் இவ்வளவுதான்.

இதற்குச் சோதனைச் சான்றும் உண்டு. 1950-இல் சுவீடனைச் சேர்ந்த லார்ஸ் மெலாண்டர், டிரிட்டியம் (ஹைட்ரஜனின் கனமான ஐசோடோப்பு) ஏற்றிய அரோமேட்டிக் சேர்மங்களைக் கொண்டு இந்த வினைகளைச் சோதித்தார். நைட்ரோ ஏற்றத்தில் ஹைட்ரஜன் வெளியேறும் படி வேகத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதால், சாதாரண ஹைட்ரஜனுக்கும் அதன் கனமான ஐசோடோப்புக்கும் இடையே வேறுபாடு தென்படவில்லை. சல்போனேற்றத்தில் சிறிய அளவிலேனும் வேறுபாடு தெரிந்தது. கனமான ஐசோடோப்பு பிணைப்பை விட்டு வெளியேறத் தாமதிக்கும். அந்தத் தாமதத்தில் சில அணைவுகள் சல்பர் டிரைஆக்சைடை உதறிவிட்டுத் திரும்பிப் போய்விடுகின்றன. இரண்டு தடைகளும் ஏறத்தாழ சம உயரம் என்று மேலே சொன்னது வெறும் வரைபடக் கற்பனை அல்ல என்பதற்கு இதுவே ஆதாரம்.

திரும்பும் பயணமும் போன வழியிலேயே நடக்கிறது. சூடான அமிலத்தில், சல்போனிக் தொகுதி உட்கார்ந்திருக்கும் அதே கார்பனில் ஒரு புரோட்டான் வந்து சேர்கிறது. அதே அணைவு மறுபடி உருவாகிறது. அங்கிருந்து சல்பர் டிரைஆக்சைடு கழல்கிறது. கழன்ற மூலக்கூறு அருகில் நீர் இருந்தால் உடனே கந்தக அமிலமாகிவிடும். நீர் இல்லாவிட்டால் மறுபடி வளையத்தையே தாக்கும். சல்போனிக் தொகுதியை நீக்க அடர் அமிலத்தைப் பயன்படுத்தாமல் நீர்த்த அமிலத்தைப் பயன்படுத்துவது இதனால்தான். ஆனால் மிகவும் நீர்த்துப் போனால் வளையத்தில் புரோட்டானை ஏற்றும் வலிமை அமிலத்துக்கு இருக்காது. வினை ஆமை வேகத்தில் நகரும். ஆகவே நடுத்தரச் செறிவுள்ள அமிலம், 100 முதல் 170 டிகிரி வரை வெப்பம், கூடவே நீராவி என்பது வழக்கமான ஏற்பாடாக நிலைத்துவிட்டது. விடுபட்ட ஹைட்ரோகார்பன் நீராவியோடு சேர்ந்து வடிந்து வெளியேறிவிடுவதால், சமநிலை மறுபடி முன்பக்கம் திரும்ப வழியில்லாமல் போகிறது.

இனி, முன்னோக்கிய வினையில் நீர் என்ன செய்கிறது என்பதை ஒரு சிறு கணக்கால் பார்க்கலாம். ஒரு மோல் பென்சீன் சல்போனேற்றம் அடைந்தால் ஒரு மோல் கந்தக அமிலம் செலவாகிறது, ஒரு மோல் நீர் பிறக்கிறது. அதாவது வினை நடக்க நடக்க அமிலம் குறைவதோடு, மிச்சமிருக்கும் அமிலம் நீர்த்தும் போகிறது. பென்சீனைப் பொறுத்தவரை அமிலத்தின் செறிவு ஏறத்தாழ 78 சதவீதத்துக்கு இறங்கியதும் வினை நடைமுறையில் நின்றுவிடும். 98 சதவீத அமிலம் 100 கிராம் எடுத்தால், அதில் அமிலம் ஒரு மோல், நீர் 2 கிராம். 0.56 மோல் பென்சீன் வினைபுரிந்ததும் மிஞ்சுவது 43 கிராம் அமிலமும் 12 கிராம் நீரும்; செறிவு சரியாக 78 சதவீதம். ஆக, ஊற்றிய அமிலத்தில் நூற்றுக்கு 44 பங்கு சல்போனேற்றத்துக்கு உதவாத கழிவமிலமாகக் கிடந்துவிடுகிறது. பென்சீனைவிட எளிதில் வினைபுரியும் நாப்தலீனுக்கு இந்த எல்லை 68 சதவீதம் அளவில் இருப்பதால் அங்கே நட்டம் சற்றுக் குறைவு.

இந்த நட்டத்தைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஓலியத்தையோ சல்பர் டிரைஆக்சைடு வாயுவையோ பயன்படுத்தி, நீர் பிறக்கவே இடம் கொடாமல் இருப்பது. மற்றொன்று, பிறக்கும் நீரை அவ்வப்போது வெளியே எடுத்துவிடுவது. பாரா-டொலுவீன் சல்போனிக் அமிலத்தை ஆய்வகத்தில் தயாரித்தவர்கள் இந்த இரண்டாவது வழியைக் கண்ணாலேயே பார்த்திருப்பார்கள். டொலுவீனையும் அடர் கந்தக அமிலத்தையும் குடுவையில் கொதிக்கவிட்டு, மேலே டீன்-ஸ்டார்க் பொறியைப் பொருத்தினால், டொலுவீனும் நீரும் ஒன்றாக ஆவியாகிக் குளிர்விப்பானில் திரவமாகி, அளவுக்குறியிட்ட பக்கக் குழாயில் சொட்டும். நீர்த்துளிகள் டொலுவீனைத் துளைத்துக்கொண்டு அடியில் போய்ச் சேரும். மேலே நிற்கும் டொலுவீன் வழிந்து குடுவைக்கே திரும்பும். அடியில் நீர்மட்டம் ஏறுவது நின்றால் வினை முடிந்தது என்று பொருள். மீள்வினை ஒன்றின் முன்னேற்றத்தை இவ்வளவு எளிமையாகக் காட்டும் வேறொரு கருவியை நான் அறியேன்.

இப்போது நாப்தலீனுக்கு வருவோம். இதன் கதை பழையது. பென்சீனைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த ஆண்டான 1826-இல், மைக்கேல் பாரடே நாப்தலீனைக் கந்தக அமிலத்தோடு வினைபுரியச் செய்து, கிடைத்த அமிலத்திலிருந்து பேரியம் உப்புகளைத் தயாரித்தார். இருவகை உப்புகள் கிடைத்தன. எரிக்கும்போது ஒன்று சுடர்விட்டு எரிந்தது. மற்றது சுடரின்றிக் கனன்றது. மாற்றியம் என்ற சொல்லே வேதியியலில் வேரூன்றாத காலத்தில், ஆல்பா, பீட்டா மாற்றியங்கள் இரண்டையும் அவர் பிரித்தெடுத்துவிட்டார் என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

நாப்தலீனின் ஆல்பா இடத்தில், அதாவது 1-ஆம் கார்பனில், தாக்குதல் நடந்தால் உருவாகும் அணைவுக்கு, அடுத்த வளையத்தின் அரோமேட்டிக் தன்மையைக் குலைக்காத உடனிசைவு அமைப்புகள் இரண்டு உண்டு. பீட்டா இடத்தில், அதாவது 2-ஆம் கார்பனில், அத்தகைய அமைப்பு ஒன்றுதான். ஆகவே ஆல்பா பக்கத் தடை தாழ்வானது; 80 டிகிரியில் பெரும்பகுதி அங்கேதான் போய்ச் சேர்கிறது. ஆனால் சேர்ந்த பிறகு நெருக்கடி தொடங்குகிறது. 1-ஆம் கார்பனில் உள்ள பருத்த சல்போனிக் தொகுதிக்குப் பக்கத்திலேயே, இணையான திசையில், 8-ஆம் கார்பனின் ஹைட்ரஜன் நிற்கிறது. அருகருகே வாசல் வைத்த இரண்டு வீடுகளில் ஒரு வீட்டுக்காரர் மட்டும் வண்டியைக் குறுக்கே நிறுத்தியது போன்ற நிலை. பீட்டா இடத்தில் இந்த நெருக்கடி இல்லை. எனவே அந்த மாற்றியமே நிலைப்புத்தன்மை மிகுந்தது.

இதில் மாணவர்கள் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு புள்ளி உண்டு. 160 டிகிரியில் பீட்டா இடத்தின்மேல் தாக்குதல் ஆல்பாவைவிட விரைவாகிவிடுகிறது என்று பலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. அங்கேயும் ஆல்பாதான் விரைவாக உருவாகிறது. ஆனால் அதே விரைவில் கழன்றும் விடுகிறது. பீட்டா தாமதமாக உருவானாலும், அது கழல்வதற்கு இன்னும் பன்மடங்கு தாமதமாகிறது. ஆல்பா ஏறி இறங்கிக்கொண்டே இருக்க, ஏறிய பீட்டா இறங்காமல் சேர்ந்துகொண்டே போவதால், சில மணி நேரத்தில் கலவையில் 85 சதவீதம் அளவுக்குப் பீட்டா சேர்ந்துவிடுகிறது. தயாராக வைத்திருக்கும் ஆல்பா அமிலத்தைக் கந்தக அமிலத்தில் போட்டு 160 டிகிரிக்குச் சூடாக்கினாலும் அது பீட்டாவாக மாறும். திரும்பி நடக்காத நைட்ரோ ஏற்றத்தில் இப்படி ஒரு மாற்றம் நிகழ வழியே இல்லை; நாப்தலீனின் நைட்ரோ ஏற்றம் ஆல்பா விளைபொருளோடு நின்றுவிடுகிறது.

பீட்டா-நாப்தால் தயாரிக்கும் தொழிற்சாலைகள் இதோடு நிற்பதில்லை. மிஞ்சும் 15 சதவீத ஆல்பாவை என்ன செய்வது? வினை முடிந்ததும் கலவைக்குள் நீராவியை ஊதுகிறார்கள். எளிதில் கழலும் ஆல்பா மட்டும் நீராற்பகுப்படைந்து நாப்தலீனாகி நீராவியோடு வெளியேறுகிறது. பீட்டா அசையாமல் இருக்கிறது. வெளியேறிய நாப்தலீன் அடுத்த தடவைக்கு உதவும். பார்ப்பதற்கு எளிதான இந்தப் படியில் ஒரு தொல்லை உண்டு: நாப்தலீன் 80 டிகிரியிலேயே உறைந்துவிடுவதால், குளிர்விப்பானில் வழக்கம்போலக் குளிர்ந்த நீரை விட்டால் குழாய்க்குள் வெள்ளைச் செதில்களாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். எஞ்சியிருக்கும் பீட்டா அமிலத்தின் சோடியம் உப்பை எரிசோடாவுடன் 300 டிகிரி அளவில் உருக்கினால் சாயத் தொழிலுக்குத் தேவையான பீட்டா-நாப்தால் கிடைக்கிறது. அதே பீட்டா அமிலத்தை பார்மால்டிஹைடுடன் இணைத்துக் கிடைக்கும் பொருளைத்தான் கான்கிரீட்டில் நீரைக் குறைத்துக் கலப்பதற்குச் சேர்க்கிறார்கள்.

டொலுவீனிலும் இதே போக்கைக் காணலாம். மெத்தில் தொகுதிக்கு அடுத்த இடம் ஆர்த்தோ, அதற்கடுத்தது மெட்டா, நேர் எதிர் இடம் பாரா. 0 டிகிரியில் ஆர்த்தோ 43, மெட்டா 4, பாரா 53 சதவீதம். 100 டிகிரியில் ஆர்த்தோ 13, மெட்டா 8, பாரா 79 சதவீதம். மெத்தில் தொகுதியின் நெருக்கடியில் இருக்கும் ஆர்த்தோ வெப்பம் ஏற ஏறக் கழன்று பாராவுக்கு இடம் கொடுக்கிறது. வெப்பத்தை இன்னும் உயர்த்தி நெடுநேரம் காத்திருந்தால் மெட்டாவின் பங்கு கூடிக்கொண்டே போகும் என்பதும் நினைவில் இருக்கட்டும்; பாராதான் கடைசி நிலையம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

கழன்றுவிடும் தொகுதியால் என்ன பயன் என்ற கடைசிக் கேள்விக்கு, தையற்காரர் சட்டையின் இரு துண்டுகளைச் சேர்த்து நிறுத்த முதலில் போடும் ஓட்டுத் தையலை நினைத்துக்கொள்ளுங்கள். அது நிலைத்து நிற்பதற்காகப் போட்டதன்று; உரிய தையல் முடிந்ததும் உருவி எடுக்கத்தான். ஆர்த்தோ-குளோரோடொலுவீன் வேண்டுமென்று டொலுவீனை நேரடியாகக் குளோரினேற்றம் செய்தால் ஆர்த்தோவும் பாராவும் கலந்து வரும். கொதிநிலைகள் முறையே 159, 162 டிகிரி. மூன்று டிகிரி இடைவெளியில் பின்ன வடித்தலைச் செய்து பார்த்தவர்களுக்கு அதன் வேதனை தெரியும். அதற்குப் பதிலாகப் பாரா இடத்தில் முதலில் சல்போனிக் தொகுதியை உட்கார வைத்துவிட்டால் குளோரின் ஆர்த்தோ இடத்துக்குத்தான் போயாக வேண்டும். மெத்தில் தொகுதியும் சல்போனிக் தொகுதியும் அதே இடத்தைத்தான் சுட்டுகின்றன. பிறகு நீராவியோடு சூடாக்கித் தொகுதியைக் கழற்றிவிடலாம்.

இதைவிட அழகான எடுத்துக்காட்டு 2,6-டைகுளோரோஅனிலீன். அனிலீனை நேரடியாகக் குளோரினேற்றம் செய்தால் இரண்டு ஆர்த்தோ இடங்களோடு பாரா இடமும் நிரம்பி டிரைகுளோரோஅனிலீன் ஆகிவிடும். எனவே, பாரா இடம் ஏற்கெனவே கந்தகத் தொகுதியால் அடைபட்டிருக்கும் சல்பனிலமைடிலிருந்து தொடங்குகிறார்கள். சல்பா மருந்துகளின் மூதாதை என்று அறியப்படும் அதே சேர்மம்தான். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்த்தால் குளோரின் உள்ளேயே உருவாகி, மிச்சமிருக்கும் இரு ஆர்த்தோ இடங்களையும் நிரப்புகிறது. கிடைத்த திண்மத்தை 70 சதவீதக் கந்தக அமிலத்தில் கொதிக்கவிட்டால் கந்தகத் தொகுதி வெளியேறிவிடும். கருத்துப்போன கலவையில் நீராவியைச் செலுத்தினால் டைகுளோரோஅனிலீன் நிறமற்ற படிகங்களாக வடிந்து வரும். டைக்ளோபினாக் என்ற வலிநிவாரணி மூலக்கூறின் ஒரு பாதி இதே அமைப்புதான்.

கலவைகளைப் பிரிக்கவும் இந்த மீள்தன்மை உதவியிருக்கிறது. மெட்டா-சைலீன் 139 டிகிரியிலும் பாரா-சைலீன் 138 டிகிரியிலும் கொதிப்பதால் வடித்துப் பிரிப்பது வீண் முயற்சி. ஆனால் மெட்டாவில் இரண்டு மெத்தில்களும் ஒரே இடத்தைக் கிளர்வுறச் செய்வதால் அதுவே முதலில் சல்போனேற்றம் அடைகிறது. அமிலமாகி நீர்ப்படலத்துக்குப் போய்விடுகிறது. சுலபமாக ஏறுவது சுலபமாகவே இறங்கும் என்ற விதிப்படி, அதைச் சூடாக்கிக் கழற்றுவதும் மற்றவற்றைவிட எளிது. எலக்ட்ரான் வளம் மிக்க வளையமானால் புரோட்டான் ஏறுவதும் சுலபம் என்பதே இதன் காரணம்.

புரோட்டான் மட்டும்தான் இந்தத் தொகுதியை வெளியேற்றும் என்றும் இல்லை. சல்பனிலிக் அமிலத்தில் புரோமின் நீரைச் சேர்த்தால் கிடைப்பது 2,4,6-டிரைபுரோமோஅனிலீன். பாரா இடத்தில் இருந்த சல்போனிக் தொகுதியைப் புரோமினே தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடுகிறது. நாப்தால் மஞ்சள் எஸ் என்ற பழைய சாயத்தில் இது இன்னும் நுட்பமாக நடக்கிறது. 1-நாப்தாலில் 2, 4, 7 ஆகிய மூன்று இடங்களில் சல்போனிக் தொகுதிகளை ஏற்றி நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்தால், ஹைட்ராக்சில் தொகுதியின் தூண்டுதல் கிடைக்கும் 2, 4 இடங்களில் மட்டும் நைட்ரோ தொகுதிகள் இடம்பிடிக்கின்றன. 7-ஆம் இடத்திலுள்ள சல்போனிக் தொகுதி தப்பிப் பிழைத்து, சாயம் நீரில் கரைவதற்கு உதவுகிறது.

எல்லா இட மாற்றங்களுக்கும் சமநிலையையே காரணமாகச் சொல்லிவிடவும் கூடாது. ஆந்த்ராகுயினோனை ஓலியத்தில் சூடாக்கினால் 2-சல்போனிக் அமிலம் வரும். சிட்டிகை அளவு பாதரச உப்பைச் சேர்த்தால் 1-சல்போனிக் அமிலம் வரும். அங்கே பாதரசம் முதலில் வளையத்தில் ஏறி, பிறகு கந்தகத்துக்கு இடம் விடுகிறது. வினையின் பாதையே வேறு. அதேபோல டியூரீன் போன்ற, மெத்தில் தொகுதிகள் நிறைந்த சேர்மங்களின் சல்போனிக் அமிலங்களைக் கந்தக அமிலத்தில் விட்டுவைத்தால் மெத்தில் தொகுதியே இடம்பெயர்ந்துவிடும். இதற்கு ஜேக்கப்சன் இடமாற்றம் என்று பெயர். அத்தகைய சேர்மங்களில் சல்போனிக் தொகுதியைத் தற்காலிகத் தடுப்பாகப் பயன்படுத்த நினைப்பவர்கள் இதை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும்.

அப்படியானால் துணி துவைக்கும் தூளில் உள்ள ஆல்கைல் பென்சீன் சல்போனேட் வெந்நீரில் கழன்றுவிடாதா என்ற ஐயம் எழலாம். சென்னை மணலியில் தயாராகும் லீனியர் ஆல்கைல் பென்சீன் போன்ற மூலப்பொருளை, உலர்ந்த காற்றில் கலந்த சல்பர் டிரைஆக்சைடால் சல்போனேற்றம் செய்து, உடனே காரத்தால் நடுநிலையாக்கிவிடுகிறார்கள். வளையத்தில் ஏறுவதற்கு வலிய அமிலத்தின் புரோட்டான் இல்லாத இடத்தில், நீர் எவ்வளவு சூடாக இருந்தாலும் கழற்றும் வினை தொடங்காது. ஆனால் அயனிப் பரிமாற்ற ரெசின்களின் நிலை அப்படியன்று. பாலிஸ்டைரீன் வளையங்களில் சல்போனிக் தொகுதியை ஏற்றித் தயாரிக்கும் இந்த ரெசின்மணிகளை அமில வினையூக்கியாகப் பயன்படுத்தும்போது வளையமும் புரோட்டானும் நீரும் வெப்பமும் ஒரே இடத்தில் கூடிவிடுகின்றன. அதனால்தான் இத்தகைய ரெசின்களில் பலவற்றுக்கு 120 டிகிரி அளவில் வெப்பநிலை வரம்பு வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டி இயக்கினால் ரெசினின் அமிலத்திறன் சிறிது சிறிதாகக் குறையும். கழன்ற பகுதி கந்தக அமிலமாகக் கீழே இறங்கி, அடுத்திருக்கும் எஃகுக் குழாய்களை அரிக்கத் தொடங்கும்.